பாவாயி அம்மா வீட்டுப் புது மெஷின்

பணி ஓய்வு பெற்ற பிறகும் பழைய கம்ப்யூட்டர் சர்வீஸ் சென்டரிலிருந்து போன் வருவது நிற்கவில்லை. போன வாரம் ரமேஷ் கூப்பிட்டான். நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவன்.

"அண்ணா, புது மெஷினுங்க. வாங்கி கொஞ்ச நாள்தான் ஆச்சு. ஈவென்ட் லாக்ல மஞ்சளா வார்னிங் வந்துட்டே இருக்குது. மெஷின் நல்லாத்தான் ஓடுது, கஸ்டமர்தான் விடமாட்டேங்கறாரு. கண்டுக்காதீங்கன்னு சொல்லிட்டு வந்தரட்டுங்களா?"

"எப்பருந்து வருது?" என்று கேட்டேன். அவன் பார்க்கவில்லை. "பாத்துட்டுக் கூப்பிடு" என்று வைத்துவிட்டேன். கோபமாகத்தான் வைத்தேன். வேலையை விட்டாலும் கோபம் என்னை விடவில்லை என்று வீட்டில் சொல்வார்கள். அவனே மறுநாள் கூப்பிட்டு, "திட்டறதுக்குப் பதிலா எழுதியாவது குடுங்கண்ணா, நாங்க படிச்சுக்கறோம்" என்றான். அதனால் எழுதுகிறேன். ஆனால் அவன் எதிர்பார்க்கிற மாதிரி இது வராது என்று இப்போதே தெரிகிறது.

நான் வேலை கற்ற கதையில் பெரிதாக ஒன்றுமில்லை. சேலத்தில் டிப்ளமோ, கொஞ்ச காலம் டிவி ரிப்பேர், பிறகு கம்ப்யூட்டர் வந்தது, எல்லாரும் போன பக்கம் நானும் போனேன். உருப்படியாகக் கற்றது எல்லாம் கோவிந்தராஜ் சாரிடம். அயோத்தியாப்பட்டணத்துக்காரர். எங்கள் சென்டருக்கு மேனேஜர்.

அவர் கஸ்டமர் வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் உட்காருவார். கொடுப்பதைக் குடிப்பார். பிறகு எழுந்து போய், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஓடுகிற மெஷினைப் பார்த்தபடி நிற்பார். எங்கள் கருவிப் பை மூடியேதான் இருக்க வேண்டும். "பையத் தொறந்தா கை சும்மா இருக்காதுப்பா. கை வேலைய ஆரம்பிச்சா கண்ணு நின்னு பூடும்" என்பார். மெஷின் தனக்கு நடந்ததைத் தேதியோடு குறித்துவைக்கும் அந்த லாக்கை மேலிருந்து கீழே வரை படிப்பார். படித்து முடித்து, மோதிரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார் என்றால் வேலை ஆரம்பம் என்று அர்த்தம்.

ஒருமுறை நான் ஒரு மெஷினில் ரேமையும் பவர் சப்ளையையும் சேர்த்தே மாற்றி, கோளாறு போய்விட்டது என்று அவர் முன்னால் பெருமையாக நின்றேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "ரெண்டுல எதுப்பா கெட்டது?" எனக்குத் தெரியவில்லை. பழையது இரண்டையும் திரும்ப மாட்டச் சொன்னார். ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்து, பவர் சப்ளைதான் என்று கண்டுபிடிக்க அன்று பொழுது போய்விட்டது. நல்ல ரேமைக் குப்பையில் போட இருந்தேன். அவர் சத்தம் போடவில்லை. கடைசிவரை பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார், அதுதான் திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

இந்த மஞ்சள் வார்னிங் விஷயத்துக்கு வருகிறேன். அது என்ன சொல்கிறது என்றால், வன்பொருளில் ஒரு தவறு நடந்தது, மெஷினே அதைச் சரிசெய்துகொண்டது என்கிறது. போனில் பேசும்போது ஒரு வார்த்தை காதில் சரியாக விழாவிட்டால் "என்னது?" என்கிறோம், எதிரில் இருப்பவர் திரும்பச் சொல்கிறார், பேச்சு ஓடிவிடுகிறது. மெஷினுக்குள் இருக்கும் மதர்போர்டுக்கும் அதில் சொருகியிருக்கும் கார்டுக்கும் நடுவில் நடப்பதும் அதுதான். எப்போதாவது ஒன்று வந்தால் விட்டுவிடலாம். அதே இடத்திலிருந்து திரும்பத் திரும்ப வந்தால் விடக்கூடாது. திரையில் ஒன்றும் தெரியாது என்பதால்தான் புதிதாக வேலைக்கு வருபவர்கள் "நல்லாத்தானே ஓடுது" என்று கிளம்பிவிடுகிறார்கள்.

திருச்செங்கோட்டில் போர் போடும் ரிக் லாரி ஓனர் ஒருவரின் ஆபீசில் இதே வார்னிங். ஆயுத பூசை முடிந்த மறுநாளிலிருந்து வருகிறது என்று லாக் சொன்னது. பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினேன். போர்டின் மேல், கார்டின் மேல், ஃபேனின் நடுவில், எல்லா இடத்திலும் சந்தனம், அதன் மேல் குங்குமம். காய்ந்த சந்தனம் பொடியாகி, கார்டு சொருகும் ஸ்லாட்டுக்குள் இறங்கியிருந்தது.

"உள்ளுக்குள்ள எதுக்குங்க வெச்சீங்க?" என்றேன்.

ஓனருக்கு என் கேள்வியே புரியவில்லை. "ரிக் லாரிக்குக் கண்ணாடியில மட்டுமா பொட்டு வெக்கறோம்? எஞ்சினு, கம்ப்ரசரு அல்லாத்துக்கும்தானுங்க வெக்கறோம். இதுக்கு மட்டும் வெளிய வெச்சாப் போதுமா?" என்றார். அவர் கேட்டதில் ஒரு நியாயம் இருந்தது. பிரஷ்ஷால் தட்டி, கார்டின் பொன்னிறப் பல்லை ரப்பரால் தேய்த்து மாட்டினேன், வார்னிங் நின்றது. அடுத்த வருடம் பூசைக்கு என்னையே கூப்பிட்டு, எந்த இடத்தில் வைக்கலாம் என்று கேட்டு வைத்தார். மனுசன் என்றால் அப்படி இருக்க வேண்டும்.

சிரித்துவிட்டுப் போகிற கேஸ்கள்தான் இந்த வேலையில் அதிகம். மல்லசமுத்திரம் பக்கத்துக் கேஸ் அப்படியில்லை. ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் நடந்தது. அதற்குள் கோவிந்தராஜ் சாரும் போய்ச் சேர்ந்துவிட்டார், கேட்டுக்கொள்ள ஆள் இல்லை.

அந்த வீடு ஊரைத் தாண்டி மரவள்ளிக் காட்டுக்கு நடுவில் தனியாக இருந்தது. நித்யா என்று ஒரு பெண், அவள் அம்மா பாவாயி, இருவர்தான். நித்யாவின் அப்பா முத்துசாமி இறந்து அதிக நாளாகவில்லை. நித்யா ஒரு பெங்களூர் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே பில் சரிபார்க்கும் வேலை செய்துகொண்டிருந்தாள். அதற்காக அப்பா வாங்கிக் கொடுத்த மெஷின். அதில் கம்பெனி ஏற்றியிருந்த ஒரு மென்பொருள் வார்னிங் ஒவ்வொன்றையும் பெங்களூருக்கு அனுப்பிக்கொண்டே இருந்தது. நம்ப முடியாத மெஷினில் எங்கள் கணக்கைத் தர முடியாது, மெஷினைச் சரிசெய், இல்லாவிட்டால் இங்கே வந்து உட்கார்ந்து வேலை பார் என்று சொல்லிவிட்டார்கள்.

எங்கள் ஆட்கள் ஏற்கெனவே போய்வந்திருந்தார்கள். கார்டைக் கழற்றி மாட்டினார்கள், போர்டின் மென்பொருளைப் புதுப்பித்தார்கள், வாரன்டியில் போர்டையே மாற்றினார்கள். வார்னிங் நிற்கவில்லை. கடைசியில் மெஷினைச் சென்டருக்குத் தூக்கிவந்து சில நாள் ஓட விட்டார்கள். ஒரு வார்னிங் இல்லை. "மெஷின்ல ஒண்ணுமில்லீங்க, நீங்கதான் என்னமோ பண்றீங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். வீட்டில் வைத்த அன்றே மறுபடி ஆரம்பித்தது.

நான் போனபோது நித்யா அழவில்லை, சண்டை போடவில்லை. "பொய் சொல்றேன்னு நெனைக்கறாங்க சார்" என்று மட்டும் சொன்னாள். எனக்கு எங்கள் ஆட்கள்மேல் வந்த ஆத்திரத்தை அவளிடம் காட்ட முடியாமல் விழுங்கினேன். சென்டரில் வார்னிங் இல்லை, வீட்டில் வருகிறது என்றால் கோளாறு வீட்டில் இருக்கிறது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

"பெங்களூர் போகறதுல எனக்கு ஒண்ணுமில்லீங்க சார். அம்மாவ உட்டுட்டுப் போக முடியாது" என்றாள். அம்மா அடுக்களை வாசலுக்குள்ளே, எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். நான் வந்தபோது "வாங்க" என்று ஒரு சொல் சொன்னார், அவ்வளவுதான்.

பையைத் திறக்காமல் லாக்கைப் படித்தேன். நல்லவேளை, யாரும் அதை அழிக்கவில்லை. மெஷின் வந்த புதிதில் ஒரு வார்னிங்கும் இல்லை. ஒரு தேதியில் ஆரம்பிக்கிறது. முதலில் அங்கொன்றும் இங்கொன்றுமாக, பிறகு நாள் முழுக்க. சென்டரில் இருந்த நாள் போக, நடுவில் இன்னும் சில நாள் அடியோடு இல்லை. பிறகு மறுபடி. கிணற்று மோட்டார் போடும் நேரத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தேன், போகவில்லை. இன்வெர்ட்டரைப் பிரித்துவிட்டு நேராகக் கரண்டில் ஓட்டிப் பார்த்தேன், அப்போதும் வந்தது.

"இந்தத் தேதி வாக்குல வீட்டுல என்னம்மா நடந்துது? புதுசா எதாச்சும் மாட்டுனீங்களா?"

நித்யா திரையைப் பார்த்தாள். "அப்பா படுத்தது அந்த வாரத்துக்கு முந்துன வாரமுங்க" என்றாள்.

"நடுவுல இந்த நாலஞ்சு நாள் வார்னிங் இல்லையே?"

"அது அப்பா காரியத்தப்பங்க. நல்ல மழை. பந்தலுக்குள்ள எல்லாம் தண்ணி நின்னுது."

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு மற்றதையும் சொன்னாள். நான் கேட்கவில்லை, யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்திருக்கும். அப்பாவுக்குப் பக்கவாதம். பேச்சுப் போய்விட்டது, ஒரு கைதான் அசையும். அந்தக் கையால் சாயங்காலமானால் சொம்பைக் காட்டுவார். அம்மா தண்ணீர் மோந்துவந்து வாயில் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். மறுநாளும் சொம்பைக் காட்டுவார், மறுநாளும் திருப்பிக்கொள்வார். கடைசி நாளிலும் அப்படித்தான். நித்யா கொடுத்தால் ஒரு வாய் குடிப்பாராம், ஆனால் அவள் கொடுத்தது பகலில்.

"காரியத்தன்னைக்கு எங்க அத்தை எல்லார்த்துக்கு முன்னாலயும் சொல்லிப்போட்டாங்க சார். 'கட்டுனவ கையில ஒரு வாய் தண்ணி வாங்காம போயிட்டான் என்ற தம்பி. அவன் மனசுல என்ன இருந்துச்சோ'ன்னு. அன்னையிலருந்து அம்மா எங்கயும் போறதில்ல. ஒழுங்கா சோறு திங்கறதில்ல. எதுக்கு அவருக்கு என்ற மேல அப்படி ஒரு வெறுப்புன்னு ராத்திரியில எழுந்து உக்காந்துக்கிட்டு என்னையக் கேக்குது."

அடுக்களை வாசலில் அந்த முதுகு அசையவில்லை. கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பார். நான் மெஷின் பார்க்க வந்தவன். "விடும்மா" என்றேன். அந்த இடத்தில் அது எவ்வளவு உதவாத சொல் என்று சொல்லும்போதே தெரிந்தது.

மெஷினின் பின்பக்கத் தகட்டில் புறங்கையை வைத்தேன். சுருக்கென்று கரண்ட் இழுத்தது.

"எப்பவும் இப்படித்தான் இருக்குமா?"

"கொஞ்ச நாளா இருக்குதுங்க. புது மெஷின்னா அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்."

அப்போதுதான் பையைத் திறந்தேன். பிளக் பாயின்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் மீட்டரை வைத்தால், இருக்க வேண்டியதைவிடப் பல மடங்கு காட்டியது. அந்த வீட்டுக்கு எர்த் பேருக்குத்தான் இருந்தது. கசிகிற கரண்ட் மண்ணுக்குள் இறங்க வழியில்லாமல் மெஷின் உடம்பிலேயே நிற்கிறது. அது கார்டின் பேச்சைக் கெடுக்கிறது, மெஷின் "என்னது, என்னது" என்று கேட்டுக் கேட்டு எழுதிவைக்கிறது. மழை பெய்தபோது மட்டும் மண் நனைந்து எர்த் வேலை செய்திருக்கிறது.

இந்த மெஷின் கதையை இங்கேயே முடித்துவிடுகிறேன். பிறகு ஒயர்மேன் வந்து வேறு இடத்தில் ஆழமாகப் புது எர்த் குழி போட்டுக் கொடுத்தார். வார்னிங் அடியோடு நின்றது, கம்பெனியும் ஒத்துக்கொண்டது. நித்யா பெங்களூர் போகவில்லை, இன்றுவரை அந்த வீட்டிலிருந்துதான் வேலை பார்க்கிறாள். ரமேஷ் மாதிரி ஆட்களுக்கு இவ்வளவு போதும். எனக்கு அன்று அது போதவில்லை.

எர்த் ஒயர் மண்ணில் இறங்கும் பழைய குழியைப் பார்க்க அன்று நித்யாவோடு வெளியே போனேன். மாட்டுக் கொட்டகைச் சுவரை ஒட்டி, மீட்டர் பெட்டிக்கு நேர்கீழே இருந்தது. கொட்டகை காலி, மாட்டை விற்றுவிட்டார்களாம். குழியின் வாயில் யாரோ உடைந்த பானையின் கழுத்தைப் பதித்து, தண்ணீர் ஊற்ற வசதியாகச் செய்திருந்தார்கள். பக்கத்தில் கால் கழுவும் கல். மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. விரலை விட்டுப் பார்த்தேன், உள்ளேயும் பொடிதான் வந்தது. உப்பும் கரியும் போட்ட குழிக்கு ஈரம் இருந்தால்தான் உயிர். எங்கள் பக்கத்து வெயிலுக்குத் தண்ணீர் விடாவிட்டால் சில வாரம்கூடத் தாங்காது.

"இதுக்கு யாரும்மா தண்ணி ஊத்துவா?"

"யாரும் ஊத்தமாட்டாங்களே சார்" என்று சொல்ல ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டாள். கல்லையே பார்த்துக்கொண்டு நின்றாள். முகம் மாறிப்போனது.

"மெஷின் வாங்கறதுக்கு முன்னால ஒயர்மேன் அண்ணா வந்து பாத்தாருங்க. அப்பாகிட்ட என்னமோ சொல்லிட்டிருந்தாரு, நான் கவனிக்கல. அதுக்கப்பறம் அப்பா பொழுதோட காட்டுலருந்து வந்து, இங்க காலக் கழுவிட்டு உள்ள வரும்போது என்னையப் பாத்து, 'சாமி, மாட்டுக்கும் தண்ணி காட்டியாச்சு, உன்ற பொட்டிக்கும் தண்ணி காட்டியாச்சு'ம்பாரு. தினமும் சொல்லுவாரு. மெஷினத்தான் பொட்டிம்பாரு, என்னையக் கிண்டல் பண்றாருன்னு நெனச்சுச் சிரிப்பேனுங்க சார்."

"எதுல ஊத்துவாரு? பாத்திருக்கியா?"

"சொம்புலதானுங்க இருக்கும். வரும்போது கையில சொம்பு இருக்கும்."

அவர் எதற்காகச் சொம்பைக் காட்டினார் என்று எனக்கு விளங்கியது. அவளுக்கும் அது விளங்கிவிட்டது என்று தெரிந்தது. படுத்த படுக்கையில், பொழுது சாயும் நேரம், ஒற்றைக் கையால் சொம்பைக் காட்டிய மனிதர்.

திரும்பினால் பாவாயி அம்மா கொட்டகை முனையில் நின்றிருந்தார். எப்போது எழுந்து வந்தார் என்று தெரியாது. ஒல்லியான உடம்பு, கண் குழிவிழுந்திருந்தது. என்னைத்தான் பார்த்தார், மகளைப் பார்க்கவில்லை.

"என்ன சொல்லுதுங்க அந்த மெஷினு?" என்றார்.

நான் மெதுவாகச் சொன்னேன். இந்தக் குழிக்குத் தினமும் தண்ணீர் வேண்டும். ஊற்றிக்கொண்டிருந்தவர் அவர். அவர் படுத்த பிறகு யாரும் ஊற்றவில்லை, குழி காய்ந்த பிறகுதான் மெஷினில் இந்த வார்னிங் ஆரம்பித்திருக்கிறது. அவ்வளவுதான் சொன்னேன். அதற்குமேல் இருப்பதை அவரே எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டேன்.

வீட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

"சொம்பக் காட்டிப்போட்டு, வாசப் பக்கமும் கையக் காட்டுவாருங்க" என்றார். "ஆருக்காச்சும் குடுக்கச் சொல்றாரோன்னு எட்டிப் பாத்தா ஆரும் இருக்கமாட்டாங்க. குடிங்கன்னு வாயில வெச்சா திருப்பிக்குவாரு." குழியைக் காட்டினார். "அப்ப இதுக்குத்தானுங்களா? என்னைய வேண்டாங்கலீங்களா?"

"இதுக்குத்தானுங்க" என்றேன். "உங்கள வேண்டாங்கல."

எனக்கு எப்படித் தெரியும்? முத்துசாமியை நான் பார்த்ததுகூட இல்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு "இருக்கலாம்" என்று பதில் சொல்ல யாராலும் முடியாது. இன்றைக்கு வந்து கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

பாவாயி அம்மா வீட்டுக்குள் போனார். நான் சொன்னது தப்போ என்று ஒரு கணம் பயந்தேன். சொம்பு நிறையத் தண்ணீரோடு திரும்பி வந்தார். எங்களை விலகச் சொல்லவில்லை, நாங்களே விலகினோம். கல்லுக்குப் பக்கத்தில் குந்தி, பானைக் கழுத்துக்குள் மெல்ல ஊற்றினார். ஊற்றி முடித்ததும்தான் அழுகை வந்தது. சத்தமாக அழுதார். அப்பா போன அன்றுகூட அம்மா இப்படி அழவில்லை என்று நித்யா பிறகு என்னிடம் சொன்னாள்.

"அத்தன நாளும் கேட்டாரே சாமி. கையக் கையக் காட்டிக் கேட்டாரே. இத்தன வருசம் கூட இருந்தவளுக்கு வெளங்கலியே. ஒரு சொம்பு தண்ணிங்க. ஒரு சொம்பு தண்ணி. ஊத்தியாச்சுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நிம்மதியாப் போயிருப்பாரே."

அவர் சுமந்துகொண்டிருந்த ஒரு துக்கத்தை இறக்கிவைத்துவிட்டோம் என்று நான் நினைத்திருந்தேன். அதே இடத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. நித்யா பக்கத்தில் போய்த் தோளைப் பிடித்தாள். நான் மீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் அழுகை அடங்கியது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு குழிக்குள் எட்டிப் பார்த்தார். ஊற்றிய தண்ணீர் இருந்த சுவடே இல்லை. பானைக் கழுத்தைக் கையால் தொட்டுப் பார்த்தார். பிறகு சொம்பை மகளிடம் நீட்டினார்.

"பத்தல சாமி. இன்னொரு சொம்பு கொண்டா."